பெற்றவளின் துயரம்: தாயைக் கேட்கத் தொடங்கிய வரலாறு

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோருடைய கண்களும் தொட்டிலின் மீதே இருக்கின்றன. தாயைப் பார்க்க வருபவர்கள்கூட அவளது உடம்பைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். பால் சுரக்கிறதா, இரத்தப்போக்கு நின்றதா, பச்சை உடம்புக்குக் காற்றுப் படாமல் இருக்கிறாளா என்றெல்லாம் கேட்பவர்கள், மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பது அரிது. மருத்துவ வரலாறும் ஏறத்தாழ இதே வழியில்தான் நடந்திருக்கிறது. ஈன்றவளின் மனம் கலங்கக்கூடும் என்பதை மருத்துவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் அந்தக் கலக்கத்துக்கான காரணத்தைக் கருப்பையிலும் பாலிலும் இரத்தத்திலும் தேடிய பிறகுதான், அவளிடமே கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்து சேர்ந்த பாதையைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தெளிவு தேவை. பேற்றுக்குப் பின் வரும் மனநிலை மாற்றங்களை இன்றைய மருத்துவம் மூன்றாகப் பிரிக்கிறது. முதல் வாரத்தில் காரணமின்றி அழுகை வந்து, சில நாட்களில் தானே நீங்கிவிடும் மனத்தளர்ச்சி ஒன்று. இது பெரும்பாலான தாய்மார்களுக்கு நேர்வது, நோயன்று. மாயக்காட்சிகளும் பிதற்றலும் கொண்டு, ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் மட்டுமே காணப்படும் உளப்பிறழ்வு இன்னொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிக்கும் மனச்சோர்வு மூன்றாவது. பரவலாக இருந்தும் கண்ணுக்குத் தப்பியது இந்த மூன்றாவதுதான். உளப்பிறழ்வு கூச்சலிடுகிறது, அதனால் அதற்கு வரலாறு உண்டு. மனச்சோர்வு பெரும்பாலும் வேலைகளைச் செய்துகொண்டே, சுவரைப் பார்த்தபடி இருந்துவிடுகிறது.

ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில், சிசிகஸ் நகரில் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்ற ஒருத்தியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. கடினமான பேறு, காய்ச்சல், உறக்கமின்மை, சித்தக்கலக்கம், பதினேழாம் நாள் மரணம். நாள்வாரியாக எழுதப்பட்ட குறிப்பு அது. அவள் என்ன சொன்னாள் என்பது அதில் இல்லை. அதே தொகுதியைச் சேர்ந்த முதுமொழி நூல், பெண்ணின் மார்பில் இரத்தம் தேங்கினால் அது பித்துக்கு அறிகுறி என்கிறது. வெளியேற வேண்டிய நீர்மங்கள் வெளியேறாமல் தலைக்கு ஏறுவதாகக் கொள்ளும் இந்தச் சிந்தனை, உருமாறி உருமாறிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

தாயின் தரப்பிலிருந்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விவரிப்புகளுள் ஒன்று, மருத்துவ நூலில் இல்லை. இங்கிலாந்தின் லின் நகரில் 1373 வாக்கில் பிறந்த மார்ஜெரி கெம்ப், தம் வாழ்க்கையைப் பிறரிடம் சொல்லி எழுதுவித்த நூலில் இருக்கிறது. நெடுங்காலம் காணாமற்போயிருந்த அதன் கையெழுத்துப்படி 1934-இல்தான் அடையாளம் காணப்பட்டது. இருபது வயதை ஒட்டி மணமான மார்ஜெரி, முதல் குழந்தை பிறந்ததும் தாம் பிழைக்க மாட்டோம் என்று அஞ்சினார். வெளியே சொல்லாமல் மனத்தில் புதைத்து வைத்திருந்த ஒரு பாவத்தைச் சொல்லிவிடப் பாதிரியாரை அழைத்தார். அவர் முழுவதும் கேட்குமுன்பே கடிந்துகொள்ள, மார்ஜெரி வாயை மூடிக்கொண்டார். அதன்பின் அரையாண்டும் எட்டு வாரங்களும் சில நாட்களும் அவர் தம்மிலேயே இல்லை. தம் கையைத் தாமே கடித்துக்கொண்ட தழும்பு ஆயுள் முழுவதும் இருந்தது. தற்கொலைக்கு அஞ்சி அவரைக் கட்டிப்போட்டார்கள்.

இன்றைய அளவுகோலில் இது உளப்பிறழ்வு எனலாம். நாம் கவனிக்க வேண்டியது நோயின் பெயரையல்ல. மரணபயம், குற்றவுணர்வு, சொல்ல முயன்றபோது வாயடைக்கப்பட்டது என்று, தம் நோய்க்கு முன் நடந்தவற்றை ஒரு பெண் வரிசைப்படுத்துகிறார். எந்த மருத்துவரும் இதை அவரிடம் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். குணமடைந்த விதமும் குறிப்பிடத்தக்கது. ஊதாப் பட்டாடையில் கிறிஸ்து தம் படுக்கையருகே வந்து அமர்ந்ததாக அவர் சொல்கிறார். தெளிந்தவுடன் கணவரிடம் கேட்டது உணவு, பானங்கள் வைத்திருந்த அறையின் சாவியை. கொடுக்க வேண்டாம் என்று பணிப்பெண்களும் காவலிருந்தவர்களும் தடுத்தார்கள். கணவர் இரக்கத்தோடு கொடுக்கச் சொன்னார். வீட்டின் சாவி திரும்பக் கைக்கு வந்ததை ஒரு பெண் நாற்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இதே சாவி மறுக்கப்பட்ட இன்னொருத்தியைப் பின்னால் காண்போம்.

*

ஐரோப்பிய மருத்துவம் இந்நோயைத் தனியே எடுத்து ஆராயத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். லண்டனில் ராபர்ட் கூச் 1820-இல் பேறுகாலப் பித்து குறித்துத் தம் அவதானிப்புகளை வெளியிட்டார். பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணிபுரிந்த எஸ்கிரோல், 1838-இல் வந்த மனநோய்கள் பற்றிய தம் பெருநூலில் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மருத்துவமனைக்கு வருபவர்களைவிட வீட்டிலேயே பராமரிக்கப்பட்டுப் பதிவேறாமல் போகிறவர்கள் மிகுதி என்று அவர் உணர்ந்திருந்தார். அச்சம், துக்கம், மனக்கசப்பு போன்ற உள்ளக் காரணங்களுக்கு அவர் தந்த இடமும் சிறியதன்று. லூயி-விக்தோர் மார்சே என்ற இளம் மருத்துவர் 1858-இல் கருவுற்றவர், புதிதாக ஈன்றவர், பாலூட்டுபவர் ஆகியோரின் மனநோய் குறித்து ஒரு முழுநூலே எழுதினார். 1864-இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல் அவர் இறந்துபோனார். 1980-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஆய்வுக்கழகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இவர்கள் எல்லோரும் கண்டது மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவரப்பட்ட கடும் நோயாளிகளை. வீட்டில் மெல்லச் சோர்ந்துகொண்டிருந்தவள் அவர்கள் கண்ணில் படவில்லை. சட்டமும் கடும் நோயையே கண்டுகொண்டது. பிரிட்டனில் 1922-ஆம் ஆண்டுச் சிசுக்கொலைச் சட்டம், பேற்றின் பாதிப்பிலிருந்து முற்றிலும் மீளாத நிலையில் பிறந்த குழந்தையைக் கொன்ற தாயைக் கொலைக்குற்றத்திலிருந்தும் அதன் மரணதண்டனையிலிருந்தும் விலக்கியது. 1938-இல் அச்சலுகை ஓராண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு விரிவாக்கப்பட்டது. கருணை மிக்க சட்டம்தான். ஆனால் கருணை காட்டுவதற்குக்கூட அது உடலையே காரணமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பேறும் பால்சுரப்பும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. வறுமையும் கைவிடப்படுதலும் இடம்பெறவில்லை.

*

வீட்டில் சோர்ந்துகிடந்தவளின் குரல் இலக்கியத்தின் வழியாகவே வெளியே வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1884-இல் ஓவியர் வால்டர் ஸ்டெட்சனை மணந்தார். 1885 மார்ச்சில் மகள் காத்தரீன் பிறந்தாள். கில்மனின் தன்வரலாறு அந்நாட்களை ஒளிவின்றி விவரிக்கிறது. அன்பான கணவர், திறமையான பணிப்பெண், துணைக்கு வந்து தங்கிய தாய், நல்ல குழந்தை. இவ்வளவும் இருந்தும் நாள்முழுதும் படுத்துக் கண்ணீர் விடுவதைத் தவிர அவரால் ஒன்றும் இயலவில்லை. குழந்தையை அணைக்கும்போதும் மகிழ்ச்சிக்குப் பதில் வலிதான் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் தனியே கலிஃபோர்னியாவுக்குப் பயணம் சென்றார். வண்டி நகர்ந்ததும் தெளிந்தார். வீடு திரும்பிய ஒரு மாதத்துக்குள் பழைய நிலைக்கே வந்தார்.

1887-இல் அவர் ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் எஸ். வியர் மிட்ச்செலிடம் சென்றார். மிட்ச்செலின் ஓய்வுச் சிகிச்சை 1877-இல் அவர் எழுதிய நூலால் பரவியிருந்தது. வாரக்கணக்கில் படுக்கை, தனிமை, பாலும் கொழுப்பும் மிகுந்த உணவு, உடம்பைப் பிடித்துவிடுதல், மின்தூண்டல் ஆகியவை அதன் கூறுகள். வீட்டுக்கு அனுப்பும்போது அவர் தந்த அறிவுரையைக் கில்மன் பதிவு செய்திருக்கிறார். இயன்றவரை இல்லத்துக்குள் வாழ வேண்டும், குழந்தையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், அறிவு சார்ந்த செயல் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, பேனாவையோ தூரிகையையோ பென்சிலையோ வாழ்நாளில் தொடக் கூடாது. சில மாதங்கள் கீழ்ப்படிந்த கில்மன், பித்தின் விளிம்பு வரை சென்றதாகச் சொல்கிறார். மார்ஜெரிக்குச் சாவி கொடுக்கப்பட்டது. கில்மனிடமிருந்து பேனா பிடுங்கப்பட்டது. அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதன் விளைவுதான் 1892 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து மேகசின்' இதழில் வெளியான 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை.

பேய்க்கதை வரிசையில் வைத்தும் படிக்கப்பட்ட அக்கதை, 1973-இல் மறுபதிப்பான பிறகு பெண்ணிய வாசிப்பின் மையத்துக்கு வந்தது. கதையை விட்டுவிட்டுக் கதாசிரியரின் வாழ்வைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டு விலகினார். பாசத்துக்கு ஏங்கி மகள் தன்னைப்போல் துயருறக் கூடாது என்று எண்ணிய தாய், அவள் உறங்கிய பிறகே அவளைத் தொட்டுத் தடவினார். திருமணத்துக்கு முன்பே கில்மனுக்கு ஆழ்ந்த சோர்வு வந்து போயிருந்தது; தம் பணிக்கும் மணவாழ்வுக்கும் இடையில் அவர் நெடுநாள் தயங்கினார். தந்தையின்மை, அன்பு மறுக்கப்பட்ட இளமை, முந்தைய மனச்சோர்வு, மணவுறவில் முரண், தம்மிடமே தாம் வைத்த உயர்ந்த எதிர்பார்ப்பு. நூறாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் எண்ணிக்கையால் கண்டறிந்த பட்டியலில் பெரும்பகுதி இந்த ஒரு வாழ்வில் இருக்கிறது. மிட்ச்செல் இவற்றில் எதையும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தம் வரலாற்றை முன்கூட்டியே எழுதித் தந்ததை அவர் அகம்பாவமாகக் கண்டார் என்பது கில்மனின் குறிப்பு.

*

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டு எதிரெதிர்ப் போக்குகளைக் காண்கிறோம். மனநல மருத்துவர்கள் பலர், பேறுகால மனநோய் என்று தனியே ஒன்றில்லை, வேறு மனநோய்கள்தான் அப்போது வெளிப்படுகின்றன என்று வாதிட்டார்கள். இதனால் அச்சொல்லே வகைப்பாடுகளிலிருந்து மெல்ல நீங்கியது. அமெரிக்க வகைப்பாட்டு நூலில் பேற்றைத் தொடர்ந்த மனச்சோர்வு ஓர் அடைமொழியாகவேனும் திரும்ப இடம்பெறுவதற்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுபுறம் உளப்பகுப்பாய்வாளர்கள் மனத்தை மட்டுமே பார்த்தார்கள். அவர்களில் சிலர், சோர்ந்த தாய் தன் பெண்மையை உள்ளூர ஏற்காதவள் என்றும் குழந்தையை மறைவாக வெறுப்பவள் என்றும் சொன்னார்கள். உளவியல் காரணம் தேடப் புகுந்த அறிவு, அவளுக்கு இன்னொரு குற்றத்தைச் சுமத்திவிட்டுப் போனது.

அதே மரபிலிருந்துதான் மாற்றும் வந்தது. குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1949-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இயல்பான ஒரு தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கான காரணங்களை வரிசையாக அடுக்கினார். அவளுக்கு அது அனுமதிக்கப்பட்ட உணர்வு என்று காட்டுவதே அவர் நோக்கம். போதுமான அளவு நல்ல தாய் என்ற அவரது கருத்தும் முழுமை தேடும் தாய்க்கு ஆறுதலாக வந்தது. 1948-இல் லண்டனை அடுத்த காசெல் மருத்துவமனையில் டி. எஃப். மெயின், சிகிச்சைக்கு வந்த ஒரு தாயைக் குழந்தையோடு சேர்த்தே அனுமதித்தார். தாயையும் சேயையும் பிரிக்காமல் மருத்துவம் செய்யும் தனிப்பிரிவுகளின் தொடக்கங்களுள் இது ஒன்று. பெங்களூர் நிம்ஹான்ஸில் அத்தகைய பிரிவு 2009-இல் வந்தது.

திருப்பம் நேர்ந்தது 1968-இல். பிரைஸ் பிட் என்ற மருத்துவர் மருத்துவமனைக்கு நோயாளி வரட்டும் என்று காத்திராமல், லண்டனில் 305 கர்ப்பிணிகளைப் பேற்றுக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொண்டு கேட்டார். அவர்களுள் 10.8 விழுக்காட்டினருக்குப் பேற்றுக்குப் பின் மனச்சோர்வு இருந்தது. அதுவரை ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்று எண்ணப்பட்டது பத்தில் ஒன்றாக மாறியது. நோய் திடீரென்று பெருகவில்லை; கேட்கப்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்த பத்தாண்டில் சமூகவியல் உள்ளே வந்தது. ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-இல் வெளியிட்ட நூல், லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து, மனச்சோர்வுக்கு இடம்கொடுக்கும் நான்கு நிலைகளைச் சொன்னது. மனம்விட்டுப் பேசத்தக்க துணையின்மை, வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள், வெளியில் வேலையின்மை, பதினோரு வயதுக்கு முன் தாயை இழத்தல். ஆன் ஓக்லி 1980-இல் வந்த தம் நூலில், முதல் பேற்றை ஓர் இழப்பாகவும் காண வேண்டும் என்றார். வேலை, நேரம், உடல், தன்னைப் பற்றிய பிம்பம் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட, துக்கப்பட மட்டும் அனுமதியில்லாத இழப்பு அது.

உளவியலாளர்கள் கேட்ட கேள்வி சற்று வேறு. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில் இருவர் பிள்ளை பெற, ஒருத்தி மட்டும் ஏன் சோர்கிறாள்? ஆரன் பெக் 1967-இல் முன்வைத்த கொள்கை, தன்னையும் உலகையும் வருங்காலத்தையும் எதிர்மறையாகக் காணும் பழக்கமே சோர்வின் வேர் என்றது. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 1978-இல், தீங்கு நேரும்போது அதற்குத் தானே காரணம், அது என்றும் மாறாது, எல்லாவற்றையும் பாதிக்கும் என்று விளக்கிக்கொள்ளும் மனப்பாங்கைச் சுட்டினார்கள். இதை ஒரு தாயின் மீது பொருத்திப் பார்க்கலாம். குழந்தை விடாமல் அழுகிறது. இன்று அதற்கு வயிற்றுவலி போலும் என்று ஒருத்தி நினைக்கிறாள். நான் தாயாக இருக்கவே தகுதியற்றவள் என்று இன்னொருத்தி நினைக்கிறாள். அழுகை ஒன்றே, இரவு வேறு.

இக்கொள்கைகள் ஆய்வில் எந்த அளவு நின்றன? மைக்கேல் ஓஹாராவும் அனெட் ஸ்வெயினும் 1996-இல் 59 ஆய்வுகளை ஒன்றுதிரட்டினார்கள். 12,810 பெண்களைப் பற்றிய தரவு. சராசரியாக 13 விழுக்காட்டினர் சோர்வுற்றிருந்தனர். வலுவான முன்னறிவிப்புகளாக நின்றவை முந்தைய மனநோய், கருவுற்ற காலத்துச் சோர்வும் பதற்றமும், நெருக்கடி மிக்க வாழ்க்கை நிகழ்வுகள், மணவுறவின் கசப்பு, ஆதரவின்மை. எதற்கும் எளிதில் கலங்கும் இயல்பும் எதிர்மறையாக விளக்கிக்கொள்ளும் பாங்கும் அவற்றுக்கு அடுத்த நிலையிலேயே வந்தன. 2001-இல் செவிலியர்துறை ஆய்வாளர் செரில் பெக் 84 ஆய்வுகளைத் தொகுத்துப் பதின்மூன்று காரணிகளைப் பட்டியலிட்டார். தன்மதிப்புக் குறைவு அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்று. தாய்மார்களிடம் நேரே உரையாடி 1993-இல் அவர் எழுதிய ஆய்வில், எல்லாம் கைநழுவிப் போய்விட்டது என்ற உணர்வே அவர்களின் அடிப்படைத் துயராக வெளிப்பட்டது.

இவற்றால் உடல் ஒதுங்கிவிடவில்லை. 2000-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறு பரிசோதனை இங்கே நினைவுகூரத்தக்கது. கருவுறாத பதினாறு பெண்களுக்கு ஹார்மோன்களை உயர்த்தித் திடீரென்று நிறுத்தி, பேற்றின்போது நேரும் சரிவைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். முன்பு பேற்றுக்குப் பின் மனச்சோர்வு கண்டிருந்த எண்மரில் ஐவருக்கு மனநிலை சரிந்தது. அத்தகைய வரலாறு இல்லாத எண்மரில் ஒருவருக்கும் சரியவில்லை. எல்லோருக்கும் நேரும் சரிவு சிலரை மட்டுமே வீழ்த்துகிறது என்றால், உடலா மனமா என்ற பழைய கேள்வி தவறாகக் கேட்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும். 2019-இல் இந்நோய்க்கென்றே முதல் மருந்தும், 2023-இல் வாய்வழி உட்கொள்ளும் மருந்தும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மருந்து சரிவைத் தாங்கக்கூடும். ஆனால் குழந்தை அழும் இரவில் அவளருகே இருப்பவர் யார் என்பதை மருந்து தீர்மானிப்பதில்லை.

*

இந்த வரலாற்றில் மிக எளிய கருவி 1987-இல் எடின்பரோவில் உருவானது. ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, தேவையின்றித் தன்னையே பழித்துக்கொண்டாளா, காரணமின்றி அஞ்சினாளா, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று அது தாயையே கேட்கிறது. பசி, உடல்தளர்ச்சி போன்றவற்றை அது வேண்டுமென்றே தவிர்த்தது. அவை புதிதாகப் பெற்ற எவளுக்கும் இருப்பவை. உறக்கத்தைக் கேட்கும்போதும், துயரத்தால் உறங்க முடியவில்லையா என்றே கேட்டது. அதன் தமிழ் வடிவம் சரிபார்க்கப்பட்டு 2005-இல் வெளியானது.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. வேலூரை ஒட்டிய கிராமப்பகுதியில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. 359 பெண்களைக் கருவுற்ற கடைசி மாதங்களிலும், பேற்றுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களிலும் கண்டு பேசினார்கள். 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு தோன்றியிருந்தது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனத்தாங்கல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கைவேலைக்கு உதவியின்மை ஆகியவை காரணிகளாகத் தெரிந்தன. அதே ஆண்டு கோவாவில் 270 தாய்மார்களிடம் செய்த ஆய்வில் 23 விழுக்காடு. அங்கும் வறுமையும், பிறந்த குழந்தையின் பாலும் முன்னின்றன.

பெற்றோருடன் மனத்தாங்கல் என்ற ஒரு வரியில் நாம் சற்று நிற்க வேண்டும். தலைப்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். கூட்டுக்குடும்பமும் பத்தியச் சோறும் நாற்பது நாள் ஓய்வும் உள்ள சமூகத்தில் இந்நோய் வராது, இது மேலைநாட்டுத் தனிமையின் விளைவு என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேலூர் ஆய்வு அதை ஏற்கவில்லை. தாய்வீடு காக்கும், அங்கே அவளைக் கடிந்துகொள்ளாமல் கேட்க ஒருவர் இருந்தால். பெண் பிறந்ததைக் குறித்து முற்றத்தில் பெருமூச்சு விடுகிறவர்கள் நிறைந்த வீட்டில், தன்மதிப்புக் குறைவு என்பது அவள் மனத்துக்குள் மட்டும் முளைத்ததாக எப்படிச் சொல்ல முடியும்? உளவியல் காரணி என்று நாம் பெயரிடுவது பல வேளைகளில் வீட்டார் பேசியதன் எதிரொலியே.

ஆகவே இடர்க்காரணி என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டியிருக்கிறது. அது இன்னாருக்கு நோய் வரும் என்ற தீர்ப்பன்று. பட்டியல் முழுவதும் பொருந்தியும் சோராதவர் உண்டு. ஒன்றும் பொருந்தாமல் சோர்ந்தவரும் உண்டு. நீ எளிதில் கலங்குபவள், அதனால்தான் இது வந்தது என்று ஒரு தாயிடம் சொன்னால், மார்ஜெரியைக் கடிந்துகொண்ட பாதிரியாரின் இடத்தில் நாம் போய் அமர்ந்துவிடுகிறோம். அந்தப் பட்டியலின் பயன் வேறு. அதில் வலுவானவை பெரும்பாலும் பேற்றுக்கு முன்பே தெரிந்துவிடுபவை. முன்பு சோர்ந்திருக்கிறாளா, இப்போது அஞ்சுகிறாளா, வீட்டில் மனம்விட்டுப் பேச யாரேனும் உண்டா என்பவற்றை ஏழாம் மாதத்திலேயே கேட்டுவிடலாம். இரத்த அழுத்தம் பார்க்கவும் எடை பார்க்கவும் மாதந்தோறும் அவள் வந்துகொண்டுதான் இருக்கிறாள். அங்கே பத்து நிமிடங்கள் அதிகம் தேவைப்படும். அந்தப் பத்து நிமிடங்களும் அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும்.